பஃபிங் போட்ட ரிவால்வர்

உங்களில் யாருடைய இழுப்பறையிலாவது உப்புத்தாள் இருந்தால், முதலில் அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்து உட்காருங்கள். பழைய துப்பாக்கியை அடையாளம் சொல்லி விலை மதிக்கிற வேலையில் அதற்கு இடமே கிடையாது. ஏன் என்று சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன்.

ஓசூரில் லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். பழுது பார்ப்பது, கைமாறும் துப்பாக்கிகளைச் சோதித்துச் சான்று எழுதுவது, விலை மதிப்பது எல்லாம் என் பொறுப்பு. இத்தனை வருடம் துப்பாக்கிகளுக்கு நடுவில் இருந்தவன் என்றால் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய், பூட்டினேனா இல்லையா என்று சந்தேகம் வந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஜவளகிரிப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் நாட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவந்தால், "குண்டு இல்லைங்க" என்று அவர் சொன்ன பிறகும் மூன்று தடவை பார்ப்பேன். கடையில் எல்லோரும் கேலி செய்வார்கள். இந்த வேலையில் பயம் ஒரு கருவி என்பதால் நானும் சிரித்துக்கொண்டே நாலாவது தடவை பார்ப்பேன்.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு நாள் பயப்படாமல் ஒரு கையெழுத்துப் போட்டேன். அதற்கு இருபது வருடத்துக்கு மேல் கழித்துப் பதில் சொல்ல வேண்டி வந்தது. நான் ஓய்வு பெற மூன்று மாதம் பாக்கி இருந்தபோது.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கம்பெனிக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பையோடு உள்ளே வந்தார். பெயர் முனிராஜ். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில், உலோகத்தைச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றும் பஃபிங் பிரிவில் சூப்பர்வைசர். பையைத் திறந்து, டிபன் பாக்ஸைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அடியிலிருந்து பனியன் வேஸ்ட் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் மேசை மேல் வைத்தார்.

"அப்பாவோட ரிவால்வர் சார். அவரு போயி ரெண்டு மாசம் ஆச்சு. தங்கச்சி உத்தனப்பள்ளியில இருக்குது, பாகம் பிரிக்கிறதுல இதையும் எழுதணும்னு சொல்லுது. என் பேருக்கு லைசென்ஸ் மாத்தவும் எழுதிப் போட்டிருக்கன். நீங்க ஒரு வெல போட்டுக் குடுத்தா போதும்."

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் வாரிசு அதை உடனே போலீஸ் ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். இவர் இரண்டு மாதம் வீட்டில் வைத்திருந்து, தன் ஊரான கெலவரப்பள்ளியிலிருந்து டூவீலரில் சாம்பார் சாதத்துக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். சரி, வந்தது வந்துவிட்டது என்று வேஸ்ட்டைப் பிரித்தேன். குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மடித்துத் திறந்து, உருளையைப் பார்த்தேன். ஆறு துளையும் காலி. மூன்று தடவை பார்த்தேன். அதன் பிறகுதான் துப்பாக்கியையே பார்த்தேன்.

புதுக் குழாய் வாங்கிக் குளியலறையில் மாட்டினால் எப்படி மின்னும், அப்படி மின்னியது.

நடுவில் மடிந்து திறக்கிற பழைய இங்கிலாந்துத் தயாரிப்பு, குழாய் அளவு முப்பத்திரண்டு போர், எப்படியும் எண்பது வயதுக்கு மேல். அதன் மேல் இருக்க வேண்டிய நீலக் கறுப்பு இல்லை. தயாரிப்பாளர் முத்திரை இல்லை. சோதனை முத்திரைகள் இல்லை. வலது பக்கம் உடம்பில் நம்பர் வெட்டியிருக்கும் இடம் கண்ணாடி போல என் முகத்தைக் காட்டியது. உருளையின் பின்பக்கமும் அதே கதை. கைப்பிடியின் இரண்டு மரத்துண்டுகள் மட்டும் பழைய அழுக்கோடு இருந்தன.

"என்ன பண்ணீங்க இதை?"

"நல்லாருக்குதா சார்? ஒரே துருவும் கறையுமா இருந்துது. ஒரு ஞாயித்துக்கெழம நானே வீல்ல போட்டு எடுத்தன். எட்டு நம்பர் ஃபினிஷ், கண்ணாடி மாதிரி." அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பளபளன்னு இருந்தா வெல ஏறும்ல?"

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், புதியவர்களே. பழைய துப்பாக்கியின் விலை அதன் மேல் ஏறியிருக்கும் வயதில் இருக்கிறது. கறை, தேய்மானம், முத்திரை, நீலம் போன விதம், இவைதான் அது யார், எங்கே பிறந்தது, எப்படி வாழ்ந்தது என்று நமக்குச் சொல்கின்றன. அவற்றைத் தேய்த்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரும்பு. ஆனால் அன்று விலை போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நம்பர் போயிருந்தது. நம்பர் அழித்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். திருட்டுத் துப்பாக்கியை மறைக்கத்தான் நம்பரை அழிப்பார்கள். இவரோ எட்டு நம்பர் ஃபினிஷ் என்று தானே வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"கேஸ் ஆயிடுமா சார்? கம்பெனியில கேஸ்னு தெரிஞ்சா அன்னைக்கே கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவாங்க சார். பொண்ணு பன்னெண்டாவது படிக்குது."

கடையை நடத்துவது பழைய முதலாளியின் மகள். நாங்கள் மேடம் என்போம், அவர் என்னை அண்ணா என்பார். என்னை உள் அறைக்குக் கூப்பிட்டார். "அண்ணா, இதை நாம வாங்கவே வேணாம். எடுத்துட்டுப் போகச் சொல்லிடுங்க. நம்ம கடைக்கு எதுக்கு இந்த வம்பு?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அது எங்கள் வாசலைத் தாண்டினால் முனிராஜ் நம்பர் அழித்த துப்பாக்கியோடு ரோட்டில் போகிற ஆள். வழியில் ஒரு வண்டிச் சோதனை போதும். எங்கள் மேசை மேல் இருக்கும்வரை, ஒப்படைக்க வந்த வாரிசு. அதைச் சொன்னேன். மேடம் நகத்தைக் கடித்துக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். முனிராஜ் தன் அம்மாவுக்குப் போன் செய்து லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார்.

அம்மா கௌரம்மா ஷேர் ஆட்டோ பிடித்து முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னாலேயே எஸ்.ஐ. வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஓசூருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. லைசென்ஸ் மாற்றக் கேட்ட மனு ஏற்கெனவே அவர் விசாரணைக்குப் போயிருந்தது. ரிவால்வரைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தார்.

"நம்பர் எங்க?"

கௌரம்மா மஞ்சள் பையிலிருந்து லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க. புக்குல ஒரு நம்பர் இருக்கு. சாமான்ல நம்பரே இல்ல. இது அந்தச் சாமான்தான்னு நான் எப்பிடி எழுத? கேஸ் போட்டுத்தான் ஆகணும் பாத்துக்கிடுங்க."

எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. இந்த வகைத் தயாரிப்பில் சிலவற்றில், கைப்பிடியின் மரத்துண்டைக் கழற்றினால் உள்ளே இரும்பில் அதே நம்பரை இன்னொரு தடவை சின்னதாக வெட்டியிருப்பார்கள். எல்லாவற்றிலும் இருக்காது. முனிராஜ் அந்த மரத்தைக் கழற்றியிருந்தால் அதையும் தேய்த்திருப்பார்.

"மரத்த ஏன் கழட்டலை நீங்க?" என்று கேட்டேன்.

"அது அப்பா கை பட்ட எடம் சார். தொட மனசு வரல."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எஸ்.ஐ. வருவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் அந்தத் துப்பாக்கி என் முன்னால்தான் கிடந்தது. கழற்றிப் பார்த்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. பார்க்கவில்லை. தனியாகத் திறந்து பார்த்துவிட்டு "உள்ளே நம்பர் இருக்கிறது" என்று நான் சொன்னால், அதை நானே வெட்டினேன் என்று யாரும் சொல்லலாம். நான் வேலை கற்றுக்கொண்ட மேஸ்திரி ஒரு தடவை அப்படி மாட்டிக்கொண்டு, செய்யாத குற்றத்துக்கு இரண்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்தார். பழைய துப்பாக்கியைத் திறக்கும்போது சம்பந்தப்பட்ட எல்லோரும் சுற்றி நிற்க வேண்டும்.

எஸ்.ஐ.யிடம் கேட்டேன். "திறங்க" என்றார். மேடம் அவருக்குப் பின்னால் நின்று வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். எனக்கும் பயம்தான். உள்ளே நம்பர் இல்லாவிட்டால் முனிராஜுக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிடும்.

திருகாணி துருப்பிடித்து மரத்தோடு ஒட்டியிருந்தது. தலை சிதைந்தால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும், துளையிட்டால் நம்பர் இருக்கும் இடமே போய்விடலாம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருந்தோம். எஸ்.ஐ. இரண்டு தடவை வாட்சைப் பார்த்தார். முனிராஜ் முழங்கால்களுக்கு நடுவில் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். பஃபிங் மசி ஏறி ரேகையெல்லாம் கறுத்த கைகள். கௌரம்மா வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் கழித்து ஸ்க்ரூ டிரைவரைப் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். அசையவில்லை. இன்னொரு சொட்டு. மறுபடியும் திருப்பினேன். கீச்சென்று ஒரு சத்தம், என் உயிரே போய்விட்டது. திருகாணி உடையவில்லை, சுழன்றிருந்தது.

மரத்துண்டை எடுத்தேன். உள்ளே மஞ்சளாக ஒரு பொடி பிடித்திருந்தது. காய்ந்த சந்தனம். அதன் நடுவில் குங்குமச் சிவப்பு.

"வருசா வருசம் ஆயுத பூஜைக்கு நான் வைக்கிறது" என்றார் கௌரம்மா. "டிராக்டருக்கு வச்சிட்டு, மோட்டாருக்கு வச்சிட்டு, கடைசியா இதுக்கு வைப்பேன். உள்ள எறங்கியிருக்குது பாருங்க."

பஞ்சைக் கையில் எடுத்தவன் நிறுத்தினேன். "அம்மா, துடைக்கட்டுமா?"

"தொடைங்கப்பா. அதுக்கென்ன. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

அதைக் கேட்டதும் எனக்கு ஏதோ நெருடியது. இந்த மாதிரி ஒரு சந்தனப் பொட்டு முன்னால் நான் முன்பும் நின்றிருக்கிறேன். அப்போது அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. துடைத்தேன். இரும்பில் பொடி எழுத்தாக ஐந்து இலக்கம் தெரிந்தது. முனிராஜ் எழுந்து நின்றுவிட்டார். "இருக்குதும்மா, இருக்குது" என்றார். மேடம் முதல் தடவையாக நகத்தை விட்டார். லென்ஸை வைத்து நான் உரக்கப் படித்தேன்.

"அஞ்சு, ரெண்டு, நாலு, ஒண்ணு, ஆறு."

எஸ்.ஐ. லைசென்ஸ் புத்தகத்தைப் பிரித்து விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

"புக்குல அஞ்சு, ரெண்டு, நாலு, ஒண்ணு, ஒம்பதுல்லா இருக்கு."

எஸ்.ஐ. முனிராஜைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. அதுவரை அவரை விவரம் தெரியாத ஆளாக நினைத்திருந்தார். "தம்பி, நெசத்தச் சொல்லுங்க. உங்க அப்பா துப்பாக்கி எங்க? இது யார் துப்பாக்கி?"

"இதுதான் சார் அப்பாது. சத்தியமா இதுதான்."

"வேற நம்பர் சாமான். அதுல மேல இருந்த நம்பர வீல்ல போட்டு அழிச்சிருக்கீங்க. இத நான் வேற எப்பிடி எடுத்துக்கிட?"

நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். தமிழ்நாட்டுக்கு மாற்றி எழுதிய பக்கம். "ஆயுதம் நேரில் சோதிக்கப்பட்டது, எண் சரிபார்க்கப்பட்டது" என்று கடையின் முத்திரை. அதன் மேல் ஒரு சின்னக் கையெழுத்து. என் கையெழுத்து.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஆயுத பூஜை முடிந்து இரண்டாம் நாள். திம்மராயப்பா, அதாவது முனிராஜின் அப்பா, கடைக்கு வந்திருந்தார். அவர்களுக்கு ஆனேக்கல் பக்கம் நிலம் இருந்தது, லைசென்ஸும் கர்நாடகாவில் வாங்கியது. அந்த நிலத்தை விற்றுவிட்டு கெலவரப்பள்ளிக்கு வந்துவிட்டதால் லைசென்ஸை இந்தப் பக்கம் மாற்ற வேண்டும், அதற்கு எங்கள் சான்று வேண்டும். துப்பாக்கியைப் பார்த்தேன். நம்பர் இருக்கும் இடத்தில் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். அடுத்தவர் வீட்டுப் பூஜையில் வைத்த பொட்டை என் எண்ணெய்த் துணியால் அழிப்பதா என்று கூசியது. அழிக்கட்டுமா என்று கேட்கவும் கூச்சம். தப்பாக எடுத்துக்கொண்டுவிட்டால்?

அவர் கையில் பழைய கன்னட லைசென்ஸ் இருந்தது. எனக்குக் கன்னட எண்கள் தெரியும். எப்படித் தெரியும் என்று கேளுங்கள். கர்நாடக பஸ் போர்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அந்தப் பக்கம் போகிற பஸ்களில் தடம் நம்பர் கன்னட எழுத்தில் இருக்கும், நானும் தினமும் நின்று நின்று படித்துப் பழகியிருந்தேன். கடையில் கன்னட எண் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்று எனக்குப் பெயர், அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. கன்னடத்தில் ஆறும் ஒன்பதும் பார்ப்பதற்கு ஒன்றுக்கொன்று நெருக்கம். போர்டில் பெரிதாக எழுதியிருந்தால் தெரியும். எப்போதோ ஒரு குமாஸ்தா அவசரமாகக் கிறுக்கியதில் தெரியாது. பொட்டைத் தொடாமல், காகிதத்தைப் பார்த்து ஒன்பது என்று எழுதி, நேரில் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டேன். திம்மராயப்பா கும்பிட்டுவிட்டுப் போனார். கூட வந்த அவர் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு புதுப்பிப்பிலும், அதற்கு முந்தைய பக்கத்தைப் பார்த்து அடுத்தவர் எழுதியிருக்கிறார். நான் பார்த்ததாக அவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

அந்தக் கையெழுத்து யாருடையது என்று எஸ்.ஐ.க்குத் தெரியாது. முனிராஜுக்கும் தெரியாது. மேடத்துக்குத் தெரியும். "அண்ணா, கொஞ்சம் உள்ள வாங்க" என்றார்.

உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "சோதிக்காம சான்று குடுத்தோம்னு தெரிஞ்சா நம்ம லைசென்ஸே போயிடும். அப்பா கட்டின கடை. ஆறு பேரு சாப்பிடுறோம். உங்களுக்கு மூணு மாசம்தான் இருக்கு அண்ணா. அவரு வக்கீல் வச்சுப் பாத்துக்கட்டும். நாம பொய் சொல்ல வேணாம். சும்மா இருந்தாப் போதும்."

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். என் மீதே கேஸ் வருமோ, சிறைக்கே போக வேண்டி வருமோ என்றெல்லாம் ஓடியது. அந்த ஆள் நம்பரை அழித்தது உண்மைதானே, அவருடைய முட்டாள்தனத்துக்கு நான் ஏன் என்று அவர் மேல் கோபம்கூட வந்தது. எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. வெளியே வந்தபோது எஸ்.ஐ. ஒரு டீ குடித்து முடித்திருந்தார். முனிராஜைக் கூட்டிப்போகப் போனில் யாரிடமோ வண்டி அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார். முனிராஜ் தன் அம்மாவிடம் டிபன் பாக்ஸைக் கொடுத்து, "இத நீ சாப்புடு, நான் வர்றதுக்கு நேரமாவும்" என்றார்.

அந்த டிபன் பாக்ஸைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"சார், வண்டி வேண்டாம்" என்றேன். "அந்தக் கையெழுத்து என்னுது. நான் அன்னைக்கு நம்பரைப் பார்க்கவே இல்லை. காகிதத்தைப் பார்த்து எழுதினேன், தப்பா எழுதினேன்."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். எஸ்.ஐ. போனைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் காகிதம் எங்க?"

மூலம் அப்போதே அரசாங்கத்துக்குப் போய்விட்டது. ஆனால் பழைய முதலாளி சான்று கொடுத்த ஒவ்வொன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கட்டிவைக்கிற ஆள். பரண் மேல் ஏறினேன். என் வயதுக்கு ஏறக்கூடாத ஏணி. கரையான் தின்ற கட்டுகள் இரண்டு, எலி கடித்தது ஒன்று. அதைப் புரட்டும்போது, கிடைக்க வேண்டுமே என்று ஒரு மனசு, கிடைக்காமல் போகட்டுமே என்று இன்னொரு மனசு. கிடைத்தது. மங்கியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. இறங்கி வந்து எஸ்.ஐ.யிடம் நீட்டினேன்.

"பாருங்க சார், கடைசி இலக்கம் ஆறு. நான்தான் ஒன்பதுன்னு படிச்சிட்டேன்."

அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குக் கன்னடம் தெரியாது. அன்னைக்கு இதே காகிதத்தப் பாத்து ஒம்பதுன்னு படிச்சதும் நீங்கதான். இன்னைக்கு ஆறுன்னு படிக்கிறதும் நீங்கதான். உங்க வாய நம்பி நான் எப்பிடி எழுத?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறு இல்லை.

"இங்க குடுங்க" என்றது ஒரு குரல். கௌரம்மா. டிபன் பாக்ஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். "நான் பொறந்தது ஆனேக்கல். ஏழாவது வரைக்கும் கன்னட ஸ்கூல்ல படிச்சவ."

எஸ்.ஐ. புத்திசாலி. ரிவால்வரின் நம்பரைக் கௌரம்மா ஏற்கெனவே கேட்டிருக்கிறார் என்பதால், முதலில் அதே காகிதத்தில் இருந்த வேறு எண்களை, அவர்கள் நிலத்தின் சர்வே நம்பரை, தேதியை எல்லாம் படிக்கச் சொன்னார். கௌரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தடுமாறாமல் படித்தார். சர்வே நம்பரில் ஒரு ஒன்பது இருந்தது. "இது ஒம்பத்து. வாலு மேல போவுது பாருங்க. துப்பாக்கி நம்பரோட கடைசி எழுத்துல அப்பிடிப் போவாது" என்று விரலை நகர்த்தி, துப்பாக்கியின் எண்ணுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை போல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ஐது. எரடு. நால்கு. ஒந்து. ஆறு."

கன்னடத்திலும் ஆறு ஆறுதான். யாரும் அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

எஸ்.ஐ. ரிவால்வரின் உள்ளே இருந்த எண்ணைத் தானே லென்ஸ் வைத்து ஒரு தடவை பார்த்தார். காகிதத்தைப் போனில் படம் எடுத்து, கன்னடம் தெரிந்த ஒரு அதிகாரிக்கு அனுப்பினார். பதில் வரும்வரை யாரும் உட்காரவில்லை. பதிலும் ஆறு என்றே வந்தது. வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, முனிராஜிடம் சொன்னார்: "அழிச்சது தப்புதான். ஆனா மறைக்கிறதுக்கு அழிக்கலைன்னு எழுதலாம். மேல உள்ளவங்க முடிவு பண்ணுவாங்க. இனிமே அந்த வீல் பக்கம் கம்பெனிச் சாமானத் தவிர எதையும் கொண்டு போகாதீங்க." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீங்க உக்காந்து எழுதுங்க."

எழுதினேன். "நான் சோதிக்கவில்லை. சோதித்ததாக எழுதினேன்." முப்பத்து நான்கு வருடத்தில் நான் எழுதிய சான்றுகளிலேயே சந்தேகம் எதுவும் இல்லாமல் கையெழுத்துப் போட்டது அது ஒன்றில்தான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முனிராஜை மூன்று தடவை விசாரணைக்கு அழைத்தார்கள், கேஸ் ஆகவில்லை, வேலை தப்பியது. கடைக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பல மாதம் மேடம் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள். நான் அந்த வாரமே சாவியைக் கொடுத்துவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் இருக்கச் சொல்லவும் இல்லை. அந்த ரிவால்வருக்கு விலையும் எழுதினேன், அதுதான் என் கடைசி மதிப்பீடு. சேகரிப்பாளருக்கு மதிப்பில்லை, மேல்பரப்பு முழுக்கப் போய்விட்டது, அடையாளத்துக்கு உரியது கைப்பிடி மட்டும் என்று எழுதினேன். தங்கை அதைப் படித்துவிட்டு அண்ணனே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நீங்கள் தெரியாத இடத்தில் பயப்படுவீர்கள், அதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியும் என்று நினைக்கிற இடத்தில் பயப்படப் பழகுங்கள். இதை நான் அழகாகச் சொல்லிவிட்டேன், ஆனால் கற்றுக்கொண்டது அழகாக இல்லை. அன்று கிளம்பும்போது கௌரம்மா என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மகனை ஜெயில் வாசல்வரை கொண்டுபோனவன் நான், திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை, புரியாமல்தான் கேட்டார்.

"அன்னைக்கும் நான் இதே பெஞ்சுலதானே உக்காந்திருந்தேன். பொட்டும் நான் வச்சதுதான், எழுத்தும் எனக்குத் தெரிஞ்சதுதான். ஏன்பா என்ன ஒரு வார்த்த கேக்கல?"